தொண்டை வலிக்கு மெடிக்கலில் விற்பவை: எது காசுக்குத் தகும், எதைத் தொடக் கூடாது

"எச்சி முழுங்க முடியலீங்ணா, ரெண்டு வேளைக்கு ஒரு செட்டு குடுங்க." ஐப்பசி மழை பிடித்துவிட்டால் கோவையிலிருந்து கரூர் வரை மெடிக்கல் கவுண்டர்களில் இந்தக் குரல் ஓயாது. கேட்டவர் கைக்கு ஒரு சின்னக் காகிதக் கவர் வரும். உள்ளே நாலைந்து மாத்திரை. பெயர் இருக்காது, காலாவதித் தேதி இருக்காது.

அந்தக் கவர் உட்பட, தொண்டைக்கென்று கவுண்டரில் கிடைக்கும் அத்தனையையும் இங்கே தரம் பிரித்திருக்கிறோம்: மாத்திரை, கொப்பளிக்கும் மருந்து, சப்பும் மிட்டாய், டானிக், ஆவி மெஷின், நெபுலைசர், வாய்க்கவசம். பெரும்பாலான தொண்டை அழற்சி வைரசால் வருவது. மருந்து சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் ஒரு வாரத்துக்குள் தானே அடங்கிவிடும். ஆகவே ஒரு பொருளை மதிப்பிட நாங்கள் வைத்துக்கொண்ட கேள்வி ஒன்றே ஒன்று: அந்த ஒரு வாரம் வலியில்லாமல் தண்ணீரும் சோறும் இறங்க இது உதவுகிறதா, உதவும்போது வேறெதையும் கெடுக்காமல் இருக்கிறதா? பாக்டீரியாவால் வரும் தொண்டைப் புண்ணுக்கு மட்டும் கணக்கு வேறு. அதற்கான மருந்தை மருத்துவர் சீட்டில்தான் வாங்க வேண்டும்.

காசை எடுக்கும் முன் வாயைத் திறந்து பாருங்கள்

செல்போன் டார்ச் போதும். நாக்கை நீட்டி 'ஆ' என்று சொல்லச் சொன்னால் நடுவில் உள்நாக்கும் இரண்டு பக்கமும் டான்சில் சதையும் தெரியும். தொண்டை சிவந்திருப்பதை மட்டும் வைத்து ஒன்றும் முடிவு செய்ய முடியாது, எந்தக் கிருமி வந்தாலும் சிவக்கும். கூட என்ன இருக்கிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும். மூக்கு ஒழுகல், தும்மல், இருமல், குரல் கம்மல், கண் சிவப்பு, வாய்ப்புண் இவற்றில் இரண்டு மூன்று சேர்ந்திருந்தால் அனேகமாக வைரஸ்.

குரூப் ஏ ஸ்ட்ரெப்டோகாக்கஸ் (சுருக்கமாக ஸ்ட்ரெப்) என்ற பாக்டீரியா வரும் விதம் வேறு. காலையில் பள்ளிக்கூடம் போன பிள்ளை மாலையில் காய்ச்சலோடு வரும். விழுங்கும்போது சுரீரென்று வலிக்கும். சின்னப் பிள்ளைகளுக்கு வயிற்று வலியும் வாந்தியும் கூட வரலாம். ஆனால் சளியும் இருமலும் பெரும்பாலும் இருக்காது. 1981-ல் ராபர்ட் சென்டார் என்ற மருத்துவர் இதற்கு நாலு குறிகளை வகுத்தார்: 100.4 டிகிரிக்கு மேல் காய்ச்சல், டான்சில் வீங்கியோ வெள்ளை படிந்தோ இருப்பது, கழுத்தின் முன்பக்கம் நெறி கட்டித் தொட்டால் வலிப்பது, இருமல் இல்லாதது. ஒவ்வொன்றுக்கும் ஒரு புள்ளி. 1998-ல் மெக்ஐசக் என்ற மருத்துவர் இதில் வயதையும் சேர்த்தார்: 3 முதல் 14 வயது வரை ஒரு புள்ளி கூட்ட வேண்டும், 45-க்கு மேல் ஒரு புள்ளி கழிக்க வேண்டும். மொத்தம் 0 அல்லது 1 என்றால் ஆன்டிபயாட்டிக் பேச்சே வேண்டாம். 2, 3 என்றால் பஞ்சுக் குச்சியால் தொண்டையில் தடவி எடுத்துச் சோதிப்பது சரி. கிருமியை வளர்த்துப் பார்க்கும் அந்தக் கல்ச்சர் சோதனையின் முடிவு வர ஒன்றிரண்டு நாள் ஆகும், அதுவரை காத்திருப்பதால் கெடுதல் இல்லை. நாலு குறியும் இருந்தாலும்கூட ஏறத்தாழப் பாதிப் பேரிடம்தான் அந்தப் பாக்டீரியா இருக்கும் என்பதைக் கவனியுங்கள். பெரியவர்களின் தொண்டை வலியில் நூற்றுக்கு 5 முதல் 15 பேருக்குத்தான் இந்தப் பாக்டீரியா காரணம். பள்ளிப் பிள்ளைகளில் 20 முதல் 30 வரை.

வெள்ளைத் திட்டு தெரிந்தாலே பாக்டீரியா என்று பயப்படுவோர் அதிகம். வைரசிலும் அது வரும். காய்ச்சலே இல்லாமல், டான்சில் குழிக்குள் அரிசிக் குருணை போல ஒன்று ஒட்டிக்கொண்டு வாய் நாறுகிறது என்றால் அது சேர்ந்து கெட்டியான அழுக்கு. கொப்பளித்தால் வந்துவிடும்.

எந்தக் கடையிலும் நிற்கக் கூடாத தொண்டை வலி

கீழே சொல்பவற்றில் ஏதாவது ஒன்று இருந்தாலும் மெடிக்கலைத் தாண்டி நேராக ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள், வண்டி இல்லையென்றால் 108.

எச்சிலைக்கூட விழுங்க முடியாமல் வாயோரம் வழிவது. மூச்சை உள்ளே இழுக்கும்போது 'கீ' என்று சத்தம் வருவது. பிள்ளை படுக்க மறுத்து, கையை ஊன்றி முன்னால் சாய்ந்து, தாடையை நீட்டி உட்காருவது. உதடு நீலம் பாய்வது. இவை மூச்சுக்குழலின் மேல் மூடியாக இருக்கும் சதையே வீங்கியிருக்கலாம் என்று சொல்லும் குறிகள். அப்படிப்பட்ட பிள்ளையின் வாயில் கரண்டியை விட்டுப் பார்க்கவே கூடாது. அழவைத்தாலும், படுக்கவைத்தாலும், குச்சி பட்டாலும் வழி முழுவதும் அடைத்துவிடலாம். தாயின் மடியில் உட்காரவைத்தபடியே கொண்டுபோக வேண்டும். இந்த வீக்கத்துக்கு முக்கியக் காரணமான ஹிப் என்ற பாக்டீரியாவுக்கு ஐந்து நோய்த் தடுப்பூசியில் காப்பு உண்டு. இந்தியாவில் அந்த ஊசி 2011 டிசம்பரில் முதலில் தொடங்கியதே தமிழ்நாட்டிலும் கேரளாவிலும்தான்.

ஒரே பக்கம் வலி, வாயை இரண்டு விரல் அளவுக்குக்கூடத் திறக்க முடியாமை, பேச்சு அடைத்து ஒலிப்பது, உள்நாக்கு ஒரு பக்கமாகத் தள்ளி நிற்பது. இது டான்சிலுக்குப் பக்கத்தில் சீழ் கட்டியிருப்பதன் அடையாளம். மாத்திரை மட்டும் போதாது, ஊசியாலோ கத்தியாலோ சீழை எடுக்க வேண்டும்.

சாம்பல் நிறத் தோல் போலத் தொண்டையில் படர்ந்து, துடைத்தால் ரத்தம் கசிந்து, கழுத்து பருத்துப்போனால் தொண்டை அடைப்பான் (டிப்தீரியா). ஒழிந்த நோய் என்று நினைக்க வேண்டாம். இதைத் தடுக்க 6, 10, 14 வாரங்களில் போடும் ஊசிகளை எல்லோரும் போட்டுவிடுகிறார்கள். 16 முதல் 24 மாதத்துக்குள் ஒன்று, 5 முதல் 6 வயதில் ஒன்று, அப்புறம் 10 வயதிலும் 16 வயதிலும் டிடி என்று அடுத்தடுத்து வரும் ஊக்க ஊசிகளில்தான் விட்டுப்போகிறது. வேலை தேடிக் குடும்பத்தோடு ஊர்விட்டு ஊர் வரும் திருப்பூர் போன்ற இடங்களில் பிள்ளைகளின் தடுப்பூசி அட்டையை எடுத்து ஒருமுறை பார்த்துவிடுவது அவசியம்.

6 மாதம் முதல் 3 வயதுக்குள் இருக்கும் பிள்ளைக்கு ராத்திரியில் திடீரென்று நாய் குரைப்பது போன்ற இருமல் வந்தால் அது குரல்வளை வீக்கம், பெரும்பாலும் வைரஸ். சாந்தமாக இருக்கும்போதும் மூச்சில் சத்தம் கேட்டால் ராத்திரியே கிளம்புங்கள். ஆஸ்பத்திரியில் வீக்கத்தைக் குறைக்கும் டெக்சாமெத்தசோன் ஒரே ஒரு வேளை எடைக்குத் தக்கபடி கொடுப்பார்கள். முற்றியிருந்தால் அட்ரினலின் புகை வைப்பார்கள். அந்த ஒரு வேளை மருந்து பெரும்பாலான பிள்ளைகளைத் தேற்றிவிடும்.

முதல் இடம்: வெறும் பாராசிட்டமால்

விளம்பரமே தேவைப்படாத இந்த மாத்திரைதான் எங்கள் பட்டியலில் முதல். காய்ச்சலோடு விழுங்கும் வலியையும் குறைக்கும். பெரியவர்களுக்கு 650 மில்லிகிராம், ஆறு மணி நேர இடைவெளியில், நாளுக்கு நாலுக்கு மேல் வேண்டாம். சாப்பாட்டுக்கு முக்கால் மணி நேரம் முன்பு போட்டால் இலைக்கு முன் உட்காரும்போது வலி குறைந்திருக்கும். மக்கள் மருந்தகத்திலோ முதல்வர் மருந்தகத்திலோ வாங்குங்கள், உள்ளே இருப்பது அதே மருந்து, விலை மட்டும் குறைவு.

தவறு நடப்பது இரண்டு இடத்தில். சளி மாத்திரை என்று விற்கும் கூட்டு மாத்திரைகளில் ஏற்கெனவே பாராசிட்டமால் இருக்கும். அதையும் இதையும் சேர்த்துப் போடுவதால் அளவு இரட்டிப்பாகி ஈரலைப் பாதிக்கும். குடிப்பழக்கம் உள்ளவர்களுக்கு இது இன்னும் மோசம்.

இன்னொன்று குழந்தைகளின் பாட்டில். ஒரு வேளைக்கு எடையில் கிலோவுக்கு 15 மில்லிகிராம் என்பது கணக்கு. 10 கிலோ பிள்ளைக்கு 150 மில்லிகிராம். இப்போது பாட்டிலைத் திருப்பிப் பாருங்கள். 5 மில்லியில் 125 என்று இருந்தால் 6 மில்லி ஊற்ற வேண்டும். 5 மில்லியில் 250 என்றால் 3 மில்லி. சொட்டு மருந்தாக இருந்தால் ஒரு மில்லியிலேயே 100 இருக்கும், ஆக 1.5 மில்லி. மூன்றும் ஒரே பெயரில், ஒரே மாதிரிப் படத்தோடு விற்கும். சிரப்புக்குச் சொன்ன 6 மில்லியைச் சொட்டு மருந்து பாட்டிலிலிருந்து ஊற்றினால் பிள்ளைக்குப் போவது நாலு மடங்கு. பாட்டிலோடு வரும் அளவுக் குழலை மட்டும் பயன்படுத்துங்கள், சமையல் கரண்டி வேண்டாம். ஊற்றும் முன் நன்றாகக் குலுக்குங்கள். அடியில் மருந்து தங்கிவிட்டால் முதல் வேளை தண்ணீராகவும் கடைசி வேளை விஷமாகவும் போகும்.

நிமெசுலைடு கலந்த சிரப்பைக் காய்ச்சல் சீக்கிரம் இறங்கும் என்று நீட்டினால் வாங்காதீர்கள். 12 வயதுக்குக் கீழ் 2011-லேயே தடை செய்தாகிவிட்டது. ஊரில் டெங்கு ஓடும் மாதங்களில் தொண்டை வலியோடு காய்ச்சல் என்றால் இப்யூபுரூபன், டைக்ளோபினாக், ஆஸ்பிரின் மூன்றையும் தள்ளிவையுங்கள், ரத்தக் கசிவைக் கூட்டும்.

கொப்பளிப்பவை

உப்புத் தண்ணீருக்கு இணையான விலைக்கு இன்னொரு பொருள் கிடையாது. 250 மில்லி வெதுவெதுப்பான தண்ணீருக்கு அரைத் தேக்கரண்டி தூள் உப்பு. கல் உப்பைக் கரண்டியால் அளந்தால் இடைவெளி விழுந்து அளவு மாறும், முழுக்கக் கரைத்து நாக்கில் வைத்துப் பாருங்கள், கண்ணீர் அளவுக்குக் கரிக்க வேண்டும், அதற்கு மேல் கரித்தால் ஏற்கெனவே வெந்த தொண்டை இன்னும் காயும். சுடச்சுட ஊற்றிக்கொள்வது பலருடைய பழக்கம். விரல் தாங்கும் சூடு போதும். கன்னத்தில் வைத்துக் குலுக்கித் துப்பினால் பல்தான் கழுவப்படும். தலையை அண்ணாந்து, 'ஆ' என்று குரல் எழுப்பியபடி 30 விநாடி நிறுத்த வேண்டும், நாளுக்கு நாலைந்து முறை. ஈரோட்டுப் பக்கம் இதில் மஞ்சள் தூளும் ஒரு சிட்டிகை போடுவார்கள். மஞ்சளின் சத்து தண்ணீரில் அவ்வளவாகக் கரையாது. கெடுதல் இல்லை, பெரிதாகக் கூடுதல் பலனை எதிர்பார்க்கவும் வேண்டாம். கடையில் வாங்கிய நிறம் கூடிய தூளாக இருந்தால் தவிர்ப்பது நல்லது.

பென்சிடமின் 0.15 சதவீதம் என்று எழுதிய கொப்பளிப்பு மருந்து அதிகம் பேருக்குத் தெரியாத நல்ல சரக்கு. இது தொண்டையை மரத்துப்போகச் செய்யும், அழற்சியையும் குறைக்கும். 15 மில்லி, 30 விநாடி கொப்பளித்துத் துப்ப வேண்டும், விழுங்கக் கூடாது. இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை செய்யலாம். சாப்பிடுவதற்குப் பத்து நிமிடம் முன்பு செய்தால் சந்தகையோ களியோ தடையில்லாமல் இறங்கும். முதல் முறை சுரீரென்றால் சம அளவு தண்ணீர் கலந்துகொள்ளுங்கள். 12 வயதுக்குக் கீழ் மருத்துவரைக் கேட்காமல் வேண்டாம். கொப்பளிப்பவற்றில் காசு கொடுத்து வாங்குவதென்றால் எங்கள் தேர்வு இதுதான்.

பெட்டாடின் கொப்பளிப்பு மருந்து எல்லா வீட்டு அலமாரியிலும் இருக்கிறது. 2 சதவீத போவிடோன் அயோடினை அதே அளவு தண்ணீர் கலந்து 30 விநாடி கொப்பளிப்பது முறை. கிருமியைக் கொல்லும் என்பது சரிதான், ஆனால் வைரஸ் இருப்பது சதைக்குள். மேலே கழுவுவதால் நோய் நாள் குறைந்துவிடாது. வலியைக் குறைப்பதில் பென்சிடமினுக்குப் பின்னால்தான் நிற்கும். தைராய்டு மாத்திரை சாப்பிடுவோர், கர்ப்பிணிகள், பால் கொடுக்கும் தாய்மார், 6 வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகள் இதைத் தொடக் கூடாது, அயோடின் உடலுக்குள் ஏறும். மற்றவர்களும் இரண்டு வாரத்துக்கு மேல் நீட்ட வேண்டாம். இன்னொரு பெரிய ஆபத்து பாட்டில் மாறிப்போவது. காயத்துக்கு ஊற்றும் 5, 10 சதவீத மருந்தும், ஆஸ்பத்திரியில் கை கழுவும் நுரை மருந்தும் அதே பெயரில், அதே பழுப்பு நிறத்தில் விற்கின்றன. லேபிளில் கொப்பளிக்க என்று எழுதியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் மூடியைத் திறக்க வேண்டும்.

அதிமதுரத்துக்கு நாட்டு மருந்துக் கடையில் தனி மரியாதை உண்டு, அதற்கு ஆதாரமும் இருக்கிறது. ஆபரேஷனுக்கு மயக்கம் கொடுக்கும்போது குழாய் விடுவதால் வரும் தொண்டை வலியை, முன்கூட்டியே அதிமதுரத் தண்ணீரில் கொப்பளிப்பது குறைக்கிறது என்று ஆய்வுகள் காட்டியுள்ளன. அங்கே எடுத்த அளவு 30 மில்லி தண்ணீரில் அரை கிராம் தூள். கொப்பளித்துத் துப்பும்வரை நல்லது. நாள் முழுக்கக் குச்சியைச் சப்பி விழுங்கினால் ரத்த அழுத்தம் ஏறும், பொட்டாசியம் இறங்கும். பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் இதில் கவனமாக இருக்க வேண்டும். சித்தரத்தை எச்சிலை ஊறவைத்து வறட்சியைப் போக்கும், அந்த அளவில் சரி.

சப்புபவை, டானிக், தேன்

தொண்டை மிட்டாய்களின் வேலை எச்சிலை ஊறவைப்பதும் கொஞ்சம் மரக்கவைப்பதும். ஸ்ட்ரெப்சில்ஸ், விக்ஸ் இரண்டுக்குமே இந்த அளவில் நல்ல மதிப்பெண் தரலாம். கடிக்காமல் கன்னத்துக்கும் நாக்குக்கும் இடையே மாற்றி மாற்றி வைத்துக் கரைய விட்டால்தான் பலன் நீளும். இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒன்று. சர்க்கரை நோய் உள்ளவர்கள் இனிப்பில்லாத வகையைக் கேட்டு வாங்க வேண்டும். ஒரு நாளைக்கு எட்டு மிட்டாய் என்றால் அதில் இருக்கும் சீனி கணிசமானது. 6 வயதுக்குள் கொடுத்தால் தொண்டையில் சிக்கிக்கொள்ளும் பயம் உண்டு.

இருமல் டானிக் தொண்டை வலிக்கு எதுவும் செய்யாது. குளோர்பெனிரமின், பினைலெப்ரின் இரண்டும் சேர்ந்த சளி மருந்து 4 வயதுக்குக் கீழ் கூடாது என்று லேபிளில் எழுத வேண்டும் என 2023 டிசம்பரில் உத்தரவே வந்தது. 2025-ல் மத்தியப் பிரதேசத்தில் டைஎத்திலீன் கிளைக்கால் என்ற நச்சு கலந்த சிரப்பால் குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்த பிறகு, 2 வயதுக்குக் கீழ் இருமல் சிரப் கொடுக்கவே கூடாது, 5 வயது வரை பொதுவாகத் தேவையில்லை என்று மத்திய சுகாதாரத் துறை அறிவுறுத்தியது. அத்தனை பிள்ளைகளைப் பறிகொடுத்த பிறகும் கவுண்டரில் "கொளந்தைக்கு ஒரு டானிக்குங்க" என்று கேட்பது நிற்கவில்லை என்பது வேதனையாக இருக்கிறது.

ஒரு வயது தாண்டிய பிள்ளைக்குப் படுக்கும் முன் ஒரு தேக்கரண்டி தேன் அந்த டானிக்கைவிட மேல். ராத்திரி இருமலைக் குறைக்கிறது என்பதற்கு ஆதாரம் உண்டு. ஒரு வயதுக்குள் கூடவே கூடாது. கொல்லிமலையில் நேராக எடுத்த சுத்தமான தேனாக இருந்தாலும் அதில் நச்சை உண்டாக்கும் பாட்டுலிசக் கிருமியின் வித்து இருக்கக்கூடும், பச்சிளங்குழந்தையின் குடலில் அது முளைத்துவிடும். கொள்ளு ரசம், மிளகுப் பால், சுக்குத் தண்ணீர் எல்லாம் வெதுவெதுப்பாக இருக்கும்வரை நல்லவை. குளிர்ந்தது ஆகாது என்ற நம்பிக்கைக்கு மட்டும் அடிப்படை இல்லை. வலிக்கிற தொண்டைக்குக் குளிர்ந்த தண்ணீரோ ஐஸ்கிரீமோ இதமாக இருந்தால் தாராளமாகக் கொடுக்கலாம். சாப்பிட மறுக்கும் பிள்ளைக்கு அதுவே தண்ணீர்ச் சத்து.

ஆவி மெஷின்

சில நூறு ரூபாய்க்கு எல்லா மெடிக்கலிலும் தொங்கும் பிளாஸ்டிக் ஆவி மெஷினைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் நோயைவிட இதனால் வரும் காயம் பெரிதாகிவிடுகிறது.

விலை குறைந்த வகையில் சூடாக்கும் கம்பியே கிடையாது. இரண்டு உலோகத் தகடு தண்ணீரில் மூழ்கி நிற்கும். மின்சாரம் தண்ணீர் வழியாகவே பாயும், அந்தப் பாய்ச்சலில்தான் தண்ணீர் கொதிக்கும். தண்ணீரில் உப்பு எவ்வளவோ அவ்வளவுக்கு மின்சாரம் பாயும். உப்புக் குறைந்த சிறுவாணித் தண்ணீரையோ ஆர்ஓ தண்ணீரையோ ஊற்றினால் கால் மணி நேரம் ஆனாலும் ஆவி வராது. மெஷின் ரிப்பேர் என்று திருப்பிக் கொடுக்க வருவோர் உண்டு. யாராவது ஒரு சிட்டிகை உப்புப் போடச் சொல்வார்கள். கை கொஞ்சம் தாராளமானால் தண்ணீர் பொங்கி, ஆவி வர வேண்டிய வாய் வழியே கொதிநீரே முகத்தில் தெறிக்கும். பல்லடம், அவிநாசிப் பக்கத்து உப்பு மிகுந்த ஆழ்குழாய்த் தண்ணீரென்றால் உப்பே போடாமல் அது நடக்கும். தகட்டில் வெள்ளைப் படிவும் ஏறும், எலுமிச்சைச் சாற்றில் ஊறவைத்துத் தேய்த்தால் போகும்.

ஓடும்போது மூடியைத் திறந்து விரல் விட்டால் ஷாக் அடிக்கும், அந்தத் தண்ணீரிலேயே மின்சாரம் இருக்கிறது. முதலில் பிளக்கைப் பிடுங்க வேண்டும், பிறகுதான் மூடி. வாங்குவதென்றால் சூடாக்கும் பாகம் தண்ணீரைத் தொடாமல் மூடியிருப்பது, தண்ணீர் வற்றினால் தானே அணைவது, மூன்று பின் பிளக் உள்ளது என்று பார்த்து வாங்குங்கள். கூடுதல் விலை நியாயமே.

பலன் என்னவென்றால், மூக்கடைப்பும் வறட்சியும் கொஞ்ச நேரம் விலகும். கிருமி சாகாது, நோய் நாள் குறையாது. பெரியவர்கள் மேசை மேல் வைத்து, முகத்துக்கு ஒரு முழம் தள்ளி, ஐந்து முதல் பத்து நிமிடம் பிடிக்கலாம். மடியில் வைக்கக் கூடாது. போர்வைக்குள் குண்டானை வைத்துப் பிள்ளையை உட்காரவைப்பதை அடியோடு விட வேண்டும், தொடையும் வயிறும் வெந்துபோவது அப்படித்தான். குரைக்கும் இருமலுக்கும் ஆவி உதவாது. கற்பூரமும் யூகலிப்டசும் கலந்த மாத்திரைகளைத் தண்ணீரில் உடைத்துப் போடுவது சின்னப் பிள்ளை இருக்கும் வீட்டில் வேண்டாம். கற்பூரம் வாய்க்குள் போனால் வலிப்பு வரும்.

மருந்தைப் புகையாக்கித் தரும் நெபுலைசரை வீட்டுக்கு வாங்குவது ஆஸ்துமா உள்ளவர்களுக்குச் சரி. தொண்டை வலிக்கு அது வேண்டாத செலவு. அதில் ஊற்றும் சால்புடமால் மருந்து மூச்சுக்கிளைகளைத்தான் விரிக்கும், குரல்வளை வீக்கத்தை அது தொடாது.

அந்தக் காகிதக் கவர்

பொதுவாக உள்ளே இருப்பது ஒரு ஆன்டிபயாட்டிக், ஒரு பாராசிட்டமால், ஒவ்வாமைக்கு ஒரு செட்ரிசின், வயிற்றுக்கு ஒன்று. பல இடங்களில் கூடவே சின்னதாக ஒரு ஸ்டீராய்டு மாத்திரையும் இருக்கும். மறுநாளே தேறிவிட்டதாகத் தோன்றுவதற்குக் காரணம் அதுதான். சர்க்கரை நோயாளிக்கு அந்த ஒன்றே சர்க்கரையைக் கிளப்பிவிடும். உடம்பெல்லாம் தடித்துப்போனால் எந்த மாத்திரையால் என்று மருத்துவராலும் சொல்ல முடியாது. எங்கள் மதிப்பெண் பூஜ்யம். வெட்டிக் கொடுக்கும் அட்டையில் பெயரும் தேதியும் இருக்கும் துண்டைக் கேட்டு வாங்குங்கள், முடியாவிட்டால் போட்டோவாவது எடுத்துக்கொள்ளுங்கள். அட்டையில் சிவப்புக் கோடு ஓடினால் அது சீட்டில்லாமல் விற்கக் கூடாதது.

கவரில் அதிகம் போவது அசித்ரோமைசின். மூன்று மாத்திரையில் முடிந்துவிடும் என்பதால் எல்லோருக்கும் பிடித்திருக்கிறது. வைரசுக்கு அது எதுவும் செய்யாது. மருந்து உடலில் குறைந்த அளவில் பல நாள் தங்கும், அந்த நாட்களில் உள்ளே இருக்கும் கிருமிகள் அதை எதிர்க்கப் பழகிவிடும். பென்சிலின் ஒவ்வாதவர்களுக்கு ஒதுக்கிவைக்க வேண்டிய மருந்து இப்படி வீணாகிறது.

உண்மையிலேயே ஸ்ட்ரெப் என்றால் இன்றும் முதல் மருந்து பென்சிலினும் அமாக்ஸிசிலினும்தான். அமாக்ஸிசிலின் கிலோவுக்கு 50 மில்லிகிராம், அதிகபட்சம் ஒரு கிராம், நாளுக்கு ஒரு வேளையாகவே மருத்துவர் எழுதலாம், ஆனால் 10 நாள். மூன்றாம் நாள் வலி நின்றதும் அட்டையை ஓரம் வைப்பதில்தான் எல்லாம் கெடுகிறது. 10 நாள் கொடுப்பது வலிக்காக இல்லை. 5 முதல் 15 வயதுப் பிள்ளைக்கு இரண்டு மூன்று வாரம் கழித்து மூட்டு வீங்கி இதய வால்வைப் பழுதாக்கும் ருமாட்டிக் காய்ச்சலைத் தடுப்பதற்காக. வலி தொடங்கி 9 நாளுக்குள் ஆரம்பித்தாலும் அந்தத் தடுப்பு கிடைக்கும், ஆகவே சோதனை முடிவுக்குக் காத்திருக்கத் தைரியமாக இருக்கலாம். 10 நாள் விடாமல் கொடுப்பது நடக்காது என்று தெரிந்தால் பென்சாதின் பென்சிலின் ஊசி ஒன்றே போதும்: 27 கிலோவுக்குக் கீழ் 6 லட்சம் யூனிட், மேல் 12 லட்சம். வலிக்கும் ஊசி, ஒவ்வாமையைச் சமாளிக்க வசதியுள்ள ஆஸ்பத்திரியில்தான் போட வேண்டும்.

மில்லும் சாயப்பட்டறையும்

காய்ச்சலே இல்லாமல் மாதக்கணக்கில் தொண்டை கரகரப்பு என்று வருகிறவர்களுக்கு மேலே சொன்ன எதுவும் பொருந்தாது. மூன்று வாரத்துக்கு மேல் குரல் கம்மியிருந்தால், அதிலும் பீடி, புகையிலைப் பழக்கம் இருந்தால், காது மூக்குத் தொண்டை மருத்துவர் குரல்வளையை உள்ளே பார்த்தே ஆக வேண்டும். கோவை, திருப்பூர், பெருந்துறை, நாமக்கல், கரூர், சேலம் அரசு மருத்துவக் கல்லூரிகளில் அதைக் காட்டலாம். ராத்திரி பத்து மணிக்கு மேல் சாப்பிட்டதும் படுப்பவர்களுக்கு அமிலம் மேலேறியும் கரகரப்பு வரும்.

மீதிப் பேருக்குக் காரணம் வேலையிடம். நூல்மில்லில் பஞ்சுத் தூசு, நாமக்கல் கோழிப்பண்ணையில் அம்மோனியா, ஈரோட்டில் மஞ்சள் அரைக்கும் இடங்களில் பறக்கும் தூள். வாயைச் சுற்றிக் கட்டும் துண்டு கண்ணுக்குத் தெரியும் பஞ்சை மட்டும் நிறுத்தும், உள்ளே இறங்கும் பொடித்தூசை நிறுத்தாது. மூன்றடுக்கு நீல மாஸ்க்கும் ஓரத்தில் இடைவெளி விடுவதால் தூசுக்கு உதவாது. ஐஎஸ் 9473 எண்ணும் எஃப்எஃப்பி2 என்ற எழுத்தும் உள்ள கவசத்தை வாங்குங்கள். தலைக்குப் பின்னால் இரண்டு பட்டை இருப்பதுதான் முகத்தில் ஒட்டும், காதில் மாட்டுவது தளரும். மூக்குக் கம்பியை அழுத்தி, இரண்டு கையாலும் மூடி ஊதிப் பார்க்க வேண்டும், கண்ணோரம் காற்று அடித்தால் திரும்பச் சரி செய்ய வேண்டும். தாடி இருந்தால் எந்தக் கவசமும் ஒட்டாது. மூச்சு இழுக்கக் கனமானால் மாற்ற வேண்டிய நேரம், துவைத்துப் போட்டால் வடிகட்டும் திறன் போய்விடும்.

சலவைப்பட்டறையிலும் சாயப்பட்டறையிலும் இதுவும் போதாது. குளோரினும் அசிட்டிக் அமில ஆவியும் வாயு, தூசு வடிகட்டி அதைத் தடுக்காது. அங்கே குளோரின் போன்ற அமில வாயுவுக்கும் அசிட்டிக் அமிலம் போன்ற கரிம ஆவிக்கும் சேர்த்துக் குறித்த கார்ட்ரிட்ஜ் (வடிகட்டிக் குப்பி) மாட்டும் ரப்பர் கவசம் வேண்டும், போட்டிருக்கும்போதே நெடி மூக்கில் ஏறினால் உடனே அந்த இடத்தை விட்டு வெளியே வந்து கார்ட்ரிட்ஜை மாற்ற வேண்டும்.